பிச்சையா? கணக்கா?

காபி குடிக்கும் இடத்தில் ஜாதி பார்த்த தேசம் நமது தேசம். ஒரே அண்டாவில் காய்ச்சின காபியை ஒரு ஜாதியானுக்கு உள்ளே மேஜையிலும் மற்றொரு ஜாதியானுக்கு வெளியே திண்ணையிலும் வைத்து விற்ற பெருமை நம்மவர்களுக்கு உண்டு. இது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் காபியைக் குடிப்பதற்கல்ல, காபிச் செடியைத் தன் சொந்தப் பூமியில் நடுவதற்கே பிறவி பார்த்த தேசம் ஒன்று இருந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசம்.

அந்தப் பழங்கதையை இப்போது எடுப்பானேன் என்றால், காரணம் இருக்கிறது. சிறு காபிக் குடியானவர்களைக் கைதூக்கி விடுவதற்கென்று உலகத்தில் எத்தனையோ அபிவிருத்தித் திட்டங்கள் நடக்கின்றன. சர்க்கார் திட்டம், பாதிரிமார் திட்டம், வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தர்மத் திட்டம் என்று பல பேர்களில் பணம் செலவாகிறது. காபிப் பொட்டணத்தின் மேல் குடியானவன் சிரித்துக் கொண்டிருக்கிற படமும் அச்சடிக்கப்படுகிறது. அவன் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்குக் கென்யாவை விட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால், அங்கே இந்தத் திட்டங்களின் பிறப்பு வளர்ப்பு எல்லாமே வெளிச்சமாய் இருக்கிறது.

காபிச் செடி அந்தத் தேசத்திற்கு 1893-ம் வருஷம் வாக்கில் பாதிரிமார்கள் மூலமாய் வந்தது. பிறகு நைரோபியைச் சுற்றிலுமுள்ள நல்ல மேட்டுப் பூமிகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்டார்கள். அந்தப் பக்கத்துக் கிகூயு ஜனங்கள் அதே தோட்டங்களில் பழம் பறிக்கும் கூலிகளானார்கள். அவர்கள் தாங்களாகவே காபி பயிரிடலாமா என்றால் கூடாது. அதற்கு லைசென்சு வேண்டும். ஆப்பிரிக்கனுக்கு லைசென்சு கிடையாது.

இதற்கு வெள்ளைத் தோட்டக்காரர்கள் சொன்ன சமாதானங்கள் கேட்கத் தகுந்தவை. ஆப்பிரிக்கனுக்குச் செடியைக் கவனிக்கத் தெரியாதாம். அவன் செடியில் நோய் பிடித்து வெள்ளைக்காரன் தோட்டத்திற்கும் பரவி விடுமாம். அவனிடம் நாலு செடி இருந்தால் தோட்டத்தில் திருடின பழத்தையும் தன்னுடையதென்று விற்று விடுவானாம். கென்யா காபியின் பேரே கெட்டுப் போகுமாம். சூத்திரன் படித்தால் வேதத்தின் புனிதம் கெட்டுப் போகும் என்கிற சமாதானத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். அதே காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், இன்று தான்சானியா என்று சொல்லப்படும் தேசத்தில், கிளிமஞ்சாரோ மலைச் சரிவில் சக்கா மக்கள் தாங்களே காபி பயிரிட்டு வந்தார்கள். 1925-லேயே தங்களுக்கென்று ஒரு சங்கமும் ஏற்படுத்திக் கொண்டார்கள். உகாண்டாவிலும் ஆப்பிரிக்கர்கள்தான் பயிரிட்டார்கள். நோய்க் கிருமியானது எல்லைக் கல்லைப் படித்துப் பார்த்து, எந்தப் பக்கத்து ஆப்பிரிக்கன் செடியில் உட்காரலாம் என்று தீர்மானிக்குமா?

உண்மையான காரணம் வேறு. குடிசைக்கு வரி போடப்பட்டிருந்தது. வரியை நாணயமாகத்தான் கட்ட வேண்டும். நாணயம் வேண்டுமானால் வெள்ளைக்காரன் தோட்டத்திற்குக் கூலிக்குப் போக வேண்டும். போகிறவன் ஓடி விடாமலிருக்க, 'கிப்பாண்டே' என்கிற அடையாளச் சீட்டை ஒரு தகரச் சிமிழில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொள்ள வேண்டும். இப்படிப்பட்டவன் கொல்லையில் இருநூறு காபிச் செடி காய்த்தால் அவன் ஏன் பிறத்தியான் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறான்? ஆகவே நோய் என்று சொன்னதெல்லாம் கூலியாள் குறைந்து விடுமே என்கிற நோய்தான்.

பிறகு 1934-ல் கிஸி, எம்பு, மேரு என்கிற இடங்களில், அதாவது வெள்ளைக்காரர் தோட்டங்களுக்கு எட்டாத தூரத்தில், கொஞ்சம் செடி வைத்துப் பரீட்சை பார்க்க அனுமதி கொடுத்தார்கள். செடிகள் நன்றாய்த்தான் காய்த்தன. ஆனாலும் கதவு அகலத் திறக்கவில்லை. 1952-ல் பூமிக்காகக் கலகம் மூண்டு நாடெங்கும் அவசரச் சட்டம் போட்ட பிறகுதான் வெள்ளைச் சர்க்காருக்கு ஞானோதயம் உண்டாயிற்று. 1954-ல் ஸ்வின்னர்டன் என்கிற விவசாய அதிகாரியின் பேரால் ஒரு திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்று சேர்த்து, தனித் தனியாய்ப் பட்டா கொடுத்து, காபி முதலிய பணப்பயிர்களை ஆப்பிரிக்கர்களும் பயிரிடலாம் என்று அனுமதித்து, அதற்குப் புத்தி சொல்ல உத்தியோகஸ்தர்களையும் அனுப்பினார்கள். இன்றைக்கு நடக்கிற அபிவிருத்தித் திட்டங்களுக்கெல்லாம் இது ஒரு பாட்டன் என்று சொல்லலாம்.

இந்தத் திட்டத்தால் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அநேக குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளமும் தகரக் கூரையும் அந்தக் காபியால் வந்தது வாஸ்தவம். ஆனால் அது கொடுக்கப்பட்ட கருத்து என்ன? பட்டாவும் பயிரும் உள்ளவன் கலகம் செய்ய மாட்டான் என்பதுதான். காம்பில் அடைபட்டுக் கிடந்தவர்களில் பலருக்கு வெளியே வந்து பார்த்தபோது நிலம் வேறு கைக்குப் போயிருந்தது. இன்னொன்றையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பட்டாவெல்லாம் ஆண்பிள்ளை பேருக்கு எழுதப்பட்டது. அதன் பலனைப் பின்னால் சொல்லுகிறோம்.

நிற்க, இன்றைக்குக் கென்யாவில் ஆறு ஏழு லட்சம் சிறு குடியானவர்கள் காபி பயிரிடுகிறார்கள். பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர். பழம் சிவந்ததும் கையால் ஒவ்வொன்றாய்ப் பறித்து அன்றைக்கே கூட்டுறவு சங்கத்தின் பாக்டரிக்குச் சுமந்து போக வேண்டும். வைத்திருந்தால் புளித்துக் கெட்டு விடும். அங்கே காயையும் வெம்பலையும் பொறுக்கித் தள்ளி விட்டு, மீதியை எடை போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டோடு குடியானவனுக்கும் அவன் காபிக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்தது. பிறகு பழத்தோல் உரித்து, ஊறவைத்து, கழுவி, உலர்த்தி, மில்லுக்கு அனுப்பி, மேல்தோடு நீக்கி, சல்லடையில் சலித்து, பெரிய கொட்டைக்கு ஏஏ, அதற்கடுத்ததற்கு ஏபி, ஒற்றைக் கொட்டைக்கு பிபி என்று ரகம் பிரிப்பார்கள். தரகர் ஜாபிதா போடுவார். வியாபாரிகள் மாதிரியை வறுத்துச் சுவைத்துப் பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை நைரோபியில் ஏலம். ஏலம் நடந்து வந்த கட்டிடத்திற்கு வைத்த பேர் 'வகுலிமா ஹவுஸ்'. சுவாஹிலி பாஷையில் வகுலிமா என்றால் குடியானவர்கள் என்று அர்த்தம். குடியானவர் மாளிகையில் குடியானவனுக்கு மட்டும் வேலையில்லை. கோயிலைக் கட்டினவனுக்கு உள்ளே இடமில்லாத தேசத்தில் பிறந்த நமக்கு இது ஒன்றும் அதிசயமாய்த் தோன்றாது.

விற்று வந்த பணத்தில் மில் கூலி, வண்டிச் சத்தம், சாக்கு விலை, தரகு, சங்கச் செலவு, சங்கம் வாங்கின கடனுக்கு வட்டி எல்லாம் போக மிஞ்சினதைப் பழத்தின் எடைக்கு வகுத்துக் கொடுப்பார்கள். கார்த்திகையில் பழத்தைக் கொட்டினவனுக்குக் கிலோவுக்கு என்ன விலை என்பது பல மாதம் கழித்து, சில வேளை அடுத்த அறுப்பு நெருங்கும்போதுதான் தெரியும். சரக்கைக் கொடுத்து விட்டு, "விலையை அடுத்த வருஷம் சொல்லுங்கள், உங்களுக்குத் தோன்றினதைக் கொடுங்கள்" என்கிற வியாபாரி உலகத்தில் எங்கேயாவது உண்டா? குடியானவனைத் தவிர வேறு யாரை இப்படி நடத்த முடியும்?

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஏறக்குறைய 7 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுத்தால் ஆறில் ஒரு பங்கு குறைந்து போகும். ஒரு கிண்ணத்திற்குப் பத்து கிராம் என்றாலும் 80 கிண்ணம் காபி ஆகும். லண்டன் கடையில் கிண்ணம் 3 பவுன் என்று வைத்தால் 240 பவுன். பழம் கிலோவுக்கு 100 ஷில்லிங் கிடைத்தது என்று தாராளமாகவே வைத்துக் கொண்டாலும் குடியானவனுக்கு வருவது 700 ஷில்லிங், அதாவது சுமார் 4 பவுன். கடை வாடகை, பால், சிப்பந்திச் சம்பளம், கப்பல் கூலி எல்லாம் உண்டே என்பார்கள். உண்டுதான். நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடகையும் சம்பளமும் இவ்வளவென்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்படுகிறது. பேச்சில்லாமல் மிச்சத்தை எடுத்துக் கொள்ளும்படி விடப்பட்டவன் ஒருவன்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால், "உலக மார்க்கெட்டு" என்று பதில் சொல்லுகிறார்கள். நமது புரோகிதர்கள் தலைவிதி என்று சொல்லுவதற்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாது, கேள்வி கேட்கக் கூடாது, அதன் சித்தத்தை அறிந்து சொல்லத் தரகர் ஒருவர் வேண்டும், அவருக்குத் தட்சணை கொடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சாமியை உண்டாக்கினவர்கள் மனிதர்கள்தான் என்பதற்கு ருஜு இருக்கிறது. 1962-ல் காபி விளைவிக்கும் தேசங்களும் வாங்கும் தேசங்களும் ஓர் ஒப்பந்தம் செய்து, எந்தத் தேசம் எவ்வளவு அனுப்பலாம் என்று பங்கு கட்டி விலையைத் தாங்கி நிறுத்தி வந்தார்கள். 1989 ஜூலையில் அந்தப் பங்கு ஏற்பாடு முறிந்தது. சில மாதங்களுக்குள் விலை பாதியாய் விழுந்தது. 2001-ல் ராத்தல் 50 சென்டுக்கும் கீழே போயிற்று. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதே ராத்தல் 4 டாலரைத் தாண்டிற்று. இதில் எந்த ஏற்றத்திற்கும் எந்த இறக்கத்திற்கும் கென்யாக் குடியானவன் கடுகளவு காரணமும் அல்ல. மனிதர் கூடிக் காகிதத்தில் எழுதினால் விலை நிற்கிறது, காகிதத்தைக் கிழித்தால் விழுகிறது என்றால், அதற்கு விதியென்று பேர் வைப்பது யாரை ஏமாற்ற?

வெள்ளைக்காரனை மாத்திரம் குற்றம் சொல்லி விட்டு நாம் தப்பித்துக் கொள்ளப் பார்க்கவில்லை. 1963-ல் சுதந்திரம் வந்தது. குடியானவர் சங்கங்களில் குடியானவர்களே தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் பலர் செய்த காரியம் என்ன? அங்கத்தினர் பேரில் கடன் வாங்கினார்கள். வேண்டாத யந்திரமும் வண்டியும் வாங்கினார்கள். சொந்தக்காரருக்கு உத்தியோகம் போட்டார்கள். 1997-ம் வருஷத்துச் சட்டம் சர்க்கார் மேற்பார்வையைத் தளர்த்தி விட்ட பிறகு, நியேரி முதலிய ஜில்லாக்களில் சங்கங்கள் உடைந்து, பாக்டரியை யார் வைத்துக் கொள்ளுவது என்று அடிதடி வரைக்கும் போயிற்று. தேசத்து மில் தொழிலில் பெரிதாயிருந்த தோட்டக்காரர் கூட்டுறவு யூனியனே கடன் தாங்காமல் 2009-ல் கடன்காரர் நியமித்த ஆளின் வசமாயிற்று. இதன் பலன் மகசூலில் தெரிகிறது. 1987-88-ல் சுமார் 1,28,000 டன் விளைந்த தேசத்தில் சமீப காலத்தில் 50,000 டன்னை எட்டுவதே பாடாயிருக்கிறது. எஜமானனின் தோல் நிறம் மாறினதைக் கண்டு கணக்கும் நேராய் விட்டது என்று நம்பினவர்களுக்குக் கிடைத்த கூலி இது.

இனி, திட்டக்காரர்களுக்கு வருவோம். அவர்களுடைய முக்கியமான வேலை உபதேசம். கவாத்து எப்படிச் செய்வது, எரு எவ்வளவு போடுவது, மருந்து எப்போது தெளிப்பது என்று வகுப்பு நடத்துகிறார்கள். இதை நாம் பரிகாசம் செய்யவில்லை. விஞ்ஞானத்தால் வந்த நன்மையை விஞ்ஞானம் என்றே ஒப்புக் கொள்ள வேண்டும். காய்நோயும் இலைத்துருவும் தாங்கி நிற்கும்படி 1985-ல் வெளிவந்த ரூயிரு 11, 2010-ல் வந்த பாட்டியன் என்கிற ரகங்கள் ஆராய்ச்சிக்காரர்களின் உழைப்பு. நேர்த்திக்கடனால் வந்ததல்ல. செடிக்கு 2, 3 கிலோ பறிக்கிறவன் நல்ல பக்குவத்தால் 10 கிலோ பறிக்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிறவனுக்கு இன்னும் மூன்று குடம் தண்ணீர் இறைக்கக் கற்றுக் கொடுப்பதா முதல் காரியம்? குடியானவனுக்குத் தெரியாதது செடியை விடத் தராசுதான். அதாவது, தன் பழம் பாக்டரியில் எடை சரியாய் ஏறினதா, மில்லில் எவ்வளவு கொட்டையாய் வெளிவந்தது, எந்த ரகத்தில் எத்தனை மூட்டை, எவன் என்ன விலைக்கு எடுத்தான், யார் யார் எவ்வளவு பிடித்துக் கொண்டார்கள் என்பது. இந்த ஐந்து கேள்விக்கும் பதிலை அவன் பாஷையில் ஒரு பலகையில் எழுதிப் பாக்டரி வாசலில் தொங்கவிட எவ்வளவு பணம் செலவாகும்? அந்தப் பலகைக்கு அண்டை வீட்டுக்காரன் படித்துச் சொல்ல ஒரு எழுத்தறிந்த பையன் போதும்.

தன் காபியின் ருசியே தெரியாத குடியானவர்கள் அங்கே ஏராளம். கென்யாவில் ஜனங்கள் குடிப்பது பெரும்பாலும் தேயிலை. காபியை ருசி பார்த்து "இது உயர்ந்தது, இது மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லுகிறவன் வாங்குகிறவனாகவே இருந்தால், அந்தத் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியல்ல. 2019-ல் 300 கோடி ஷில்லிங் ஒதுக்கி, பழம் கொட்டினவனுக்கு விற்பனைக்கு முன்பே முன்பணம் கொடுக்க ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். வட்டி 3 சதவிகிதம். மற்ற கடன்காரரின் வட்டியைப் பார்க்கும்போது இது குறைவுதான். ஆனால் தன் சரக்கின் கிரயம் தன் கைக்கு வர நேரமாகிறது என்பதற்காகத் தானே வட்டி கொடுத்துத் தன் பணத்தைத் தானே கடன் வாங்குகிற விசித்திரத்தைப் பாருங்கள். 2023-ல் செய்த ஏற்பாடு இதை விட மேல். ஏலப் பணம் நேரே பாங்கிக்கு வந்து, மில்லுக்கும் தரகருக்கும் சங்கத்திற்கும் குடியானவனுக்கும் அவரவர் பங்கு பிரிந்து போகும்படி செய்தார்கள். அரைக்கிறவன், விற்றுக் கொடுக்கிறவன், வாங்குகிறவன் மூன்று பேரும் உள்ளுக்குள் ஒரே கம்பெனிக் குடும்பம் என்பது நெடுநாளைய புகார். அதே வருஷத்தில் ஒருவனுக்கு ஒரு லைசென்சுதான் என்று கண்டித்தார்கள். உடனே ஏலத்திற்குச் சரக்கு வராமல் ஏலமே தள்ளாடிற்று. புகார் பொய்யாயிருந்தால் ஏன் தள்ளாட வேண்டும்?

பட்டா ஆண்பிள்ளை பேருக்குப் போன சங்கதிக்கு இப்போது வருகிறோம். காபித் தோட்டத்தில் களை எடுப்பது, பறிப்பது, பொறுக்குவது, முதுகில் கூடையைக் கட்டிச் சுமந்து பாக்டரியில் வரிசையில் நிற்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். பட்டா புருஷன் பேரில் இருப்பதால் சங்கத்தில் அங்கத்தினன் புருஷன். அங்கத்தினன் பேருக்குத்தான் பணம். அவன் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தால் உண்டு, வழியில் சாராயக் கடையில் வைத்து விட்டு வந்தால் இல்லை. சங்கக் கூட்டத்தில் அவளுக்கு ஓட்டும் இல்லை. குடியானவன் தரகரிடம் படுகிற பாட்டை அப்படியே வீட்டுக்குள் பெண்ணைப் படுத்துகிறான் என்பதை, அவனுக்காகப் பரிந்து பேசுகிற நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவது?

அந்தப் பெண்கள் சும்மாயிருந்து விடவில்லை. 1980-களின் பிற்பகுதியில் மரகுவா என்கிற பக்கத்துப் பெண்கள், முதலில் காபி வரிசைகளுக்கு நடுவே அவரையை ஊன்றினார்கள். பிறகு காபிச் செடியையே பிடுங்கிப் போட்டு வாழையும் கறிகாயும் வைத்தார்கள். காபிச் செடியை அனுமதியில்லாமல் பிடுங்குவது சட்டப்படி குற்றம். ஒரு காலத்தில் நட்டால் குற்றம், பிற்காலத்தில் பிடுங்கினால் குற்றம்! வாழைத்தாரை அவர்களே சந்தைக்குக் கொண்டு போய் அவர்களே விலை பேசிப் பணத்தை மடியில் முடிந்து கொண்டு வந்தார்கள். எந்தத் திட்ட உத்தியோகஸ்தரும் வந்து அவர்களுக்கு இதைப் போதிக்கவில்லை.

2010-ம் வருஷத்து அரசியல் சட்டம் நிலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் சங்கத்துப் பேரேட்டில் பழைய பேர்கள் தானாக மாறி விடாது. கெரிச்சோ பக்கத்தில் கபங்கெதுனி என்கிற சங்கத்தில் ஒரு முயற்சி நடந்தது. புருஷர்கள் தங்கள் தோட்டத்தில் சில செடிகளை மனைவிமார் பேருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் பேரிலேயே பழம் கொட்டி, தங்கள் காபியைத் தனியாய் விற்றார்கள். இதைப் பாராட்டி எழுதுகிறவர்கள், புருஷர்கள் பெருந்தன்மையாய்ப் பெண்களுக்குச் செடி "தானம்" செய்தார்கள் என்கிறார்கள். அந்தச் செடிகளுக்குக் களை எடுத்தவள் அவள், பறித்தவள் அவள், சுமந்தவள் அவள். இதில் யார் யாருக்குத் தானம் கொடுத்தது?